அந்த இடம்

"அந்த இடம்னா எந்த இடம் டீச்சர்?
பஸ் ஸ்டாண்டா?"
சிகப்பிக்கு முப்பத்தெட்டு வயது.
கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

பலாச்சுளைகளுக்கு நடுவே கிடக்கும் சடைக்கும்
பெயருள்ள மொழியில்
மூன்று இரவு தேடினேன்.
ஒரு சொல் மருத்துவர் மேசைக்குரியது,
ஒரு சொல் கழிப்பறைச் சுவருக்கு,
ஒன்றைப் புலவர்கள் எடுத்துப்போய்ப்
பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.
கடைசியில் நானே வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்,
குளியலறையில், குழாயைத் திறந்துவைத்து,
இருபத்தாறு வயதில்.
முலை. யோனி. ஆண்குறி. புட்டம்.
முழங்கை மாதிரி. கணுக்கால் மாதிரி.

புதுவயலில் ஆலை ஓடாத ஞாயிறுகளில்
நெல் காயும் களம்தான் எங்கள் வகுப்பு.
சிமெண்டில் வைரவன் மல்லாந்து படுக்க
உமையாள் சுற்றிலும் சாக்பீஸால் வரைந்தாள்.
அவன் எழுந்துகொண்டான்; ஆள் அங்கேயே கிடந்தது.
தொட்டால் சரி என்கிற இடத்தில் புளியங்கொட்டை.
வேண்டாத இடத்தில் செங்கல் துண்டு.
"யாரு தொட்டா?" என்று கேட்டான் வைரவன்.
அந்தக் கேள்வியை நான்
அடுத்த மாதத்துக்கு வைத்திருந்தேன்.

வேண்டாம் என்று சொல்ல ஆறு வாரம் ஆனது.
சொன்னால் கேட்கிற பிள்ளை என்றே
நாற்பது வருடம் வளர்த்திருக்கிறார்கள்.
தலை சீவ வந்தால் தலை,
படம் எடுக்க வந்தால் சிரிப்பு,
ஊசி போட வந்தால் கை.
லட்டு வைத்துப் பழக்கினேன்,
ஒருவரும் மறுக்கவில்லை.
பிறகு பாகற்காய் கொண்டுபோனேன்.

ஒரு ஞாயிறு வைரவன், யாரும் சொல்லித்தராமல்,
"கையைப் பிடிச்சுக்கட்டா?" என்று
உமையாளைக் கேட்டான்.
அவள் யோசித்தாள்.
கொக்கு ஒன்று களத்தின் இந்த ஓரத்திலிருந்து
அந்த ஓரம்வரை நடந்து முடித்தது.
"வெள்ளிக்கிழமை" என்றாள்.
என் கையேட்டில் ஆம் உண்டு, இல்லை உண்டு.
கிழமை இல்லை.

அன்றுதான் சிகப்பி செங்கல் துண்டைக்
கொண்டுபோய்க் காதருகே வைத்தாள்.
தவறென்று திருத்தக் குனிந்துவிட்டேன்.
"இங்க. அத்தான் மூச்சு விடுவாக.
சத்தம் போடாதேம்பாக."
அப்புறம் இன்னொரு துண்டை எடுத்து
அதற்குரிய இடத்தில் வைத்துப்
பெயரும் சொன்னாள்.

முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது பயிற்சி.
"சொன்னது நல்லது. நம்புறேன். உன் தப்பு இல்லை."
மூன்று வாக்கியம்.
அதற்குமேல் எனக்கு நாக்கு இல்லை.

அவள் ஆத்தா சொன்னார்:
"அதுக்கு என்ன தெரியும்?
ஏதாச்சும் கனவு கண்டிருக்கும்.
மூத்தவ வாழ்க்கை ஒண்ணு இருக்கே."
சாப்பிட்டுச்சா, தூங்குச்சா என்று
கொஞ்சலாகவே வளர்ந்த அஃறிணை.
கதவோரம் நின்றபடி
"அது இல்ல ஆத்தா. நானு"
என்றாள் சிகப்பி.

காரைக்குடி மகளிர் காவல் நிலையம், வியாழன்.
"எந்த இடத்துல?"
சிகப்பி சொன்னாள், முழங்கை என்பதுபோல.
எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் பேனா நின்றது.
பிறகு ஏதோ எழுதியது.
சிகப்பி மேசைமேல் குனிந்து பார்த்தாள்.
படிக்கத் தெரியாது அவளுக்கு.
"நான் சொன்னதத்தான் எழுதினீகளா?"
அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.
'அந்த இடத்தில்' என்று இருந்தது.
"இல்லை" என்றேன்.
அடித்துவிட்டு எழுதினார்.

திரும்பும் பேருந்தில்
சீட்டை மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டு
"இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.
"வியாழன்."
"அப்ப நாளைக்கு
உமையாள் கை குடுப்பா."